ஊசிக்குச் சாப்பாடா, சாப்பாட்டுக்கு ஊசியா: சீனி வருத்தம் உள்ள பிள்ளைக்கு எந்த முறை?

போன கிளினிக்கில் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மகளின் எடைக் கொப்பியைத் திறந்து காட்டிக் கேட்டார்: "நாலு மாசத்தில மூன்றரைக் கிலோ கூடிட்டாள் அக்கா, சோற்றை நிப்பாட்டட்டோ?"

முதல் வகை நீரிழிவு (உடம்பு தானே இன்சுலின் சுரக்காததால் ஒவ்வொரு நாளும் ஊசி வேண்டிய வகை) உள்ள பிள்ளையை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி என்றோ ஒரு நாள் வந்து நிற்கிறது. எங்கள் வீட்டிலும் வந்தது, அதற்கு நான் பிழையான பதிலைத்தான் முதலில் எடுத்தேன். மகளுக்கு இப்போது ஒன்பது வயது, வருத்தம் பிடிபட்டது ஆறு வயதில். இடைப்பட்ட காலத்தில் மூன்று முறைகளையும் பார்த்துவிட்டோம்: சாப்பாட்டையும் ஊசியையும் ஒரே அளவில் வைத்திருப்பது, சாப்பாட்டை எண்ணி அதற்கேற்ப ஊசி போடுவது, மாச்சத்தையே வெட்டுவது. எதை எடுப்பது என்பதை உங்கள் டொக்டரோடு இருந்துதான் முடிவு செய்ய வேண்டும், மருந்தளவை வீட்டில் மாற்றக் கூடாது. ஆனால் கிளினிக்கில் கிடைப்பது பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் யோசித்து வைப்பதற்காக இதை எழுதுகிறேன்.

எதை வைத்து அளப்பது

மாச்சத்து என்று நான் சொல்வதைக் கிளினிக்கில் கார்ப் என்பார்கள், பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் காபோவைதரேற்று என்று இருக்கும். சோறு, பாண், இடியப்பம், கிழங்கு, பழம், பால், சீனி எல்லாவற்றிலும் இருக்கிறது. சாப்பிட்ட கையோடு இரத்தச் சீனியை ஏற்றுவது முக்கியமாக இதுதான்.

ஒரு முறை நல்லதா இல்லையா என்று பார்க்க நான் ஐந்து கேள்வி வைத்திருக்கிறேன். இரத்தச் சீனி எவ்வளவு ஆடுகிறது? மீட்டரில் 70க்குக் (mg/dL) கீழே எத்தனை தடவை இறங்குகிறது, அதாவது நாங்கள் லோ என்று சொல்வது? எடையும் உயரமும் வளர்ச்சிக் கோட்டோடு போகிறதா? மாதம் எவ்வளவு காசு? கடைசியாக, பள்ளிக்கூட நேரத்துக்குள் அது அடங்குமா, பிள்ளை சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் வழுக்குகிறோம். பிள்ளைக்கு எடை கூடத்தான் வேண்டும், வளர்கிற பிள்ளை. வருத்தம் பிடிபடுவதற்கு முன் உருகிப்போன உடம்பு இன்சுலின் தொடங்கியதும் இழந்ததை வேகமாகத் திரும்பப் பிடிக்கும், அந்த முதல் சில மாதங்களைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் உயரத்தை விட்டுவிட்டு எடை மட்டும் ஓடினால்தான் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்பதற்கு உத்தேசமான கணக்கு ஒன்று உண்டு: வயதை 100ஆல் பெருக்கி 1000ஐக் கூட்டுங்கள். எட்டு வயதுக்கு 1800 கலோரி. அதில் 40 முதல் 50 வீதம் மாச்சத்திலிருந்து வரலாம் என்பது சர்வதேச வழிகாட்டல். 45 வீதம் என்று எடுத்தால் 810 கலோரி, ஒரு கிராம் மாச்சத்துக்கு 4 கலோரி, ஆக நாளுக்கு 200 கிராம் அளவு. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி, ஏனென்றால் என் மனதில் இருந்தது அதில் பாதிகூட இல்லை.

| | மாறாத அளவு | எண்ணிப் போடுவது | மாச்சத்தை வெட்டுவது |
|---|---|---|---|
| நாளுக்கு ஊசி | 2 அல்லது 3 | 4 அல்லது கூட | எண்ணிக்கை குறையாது |
| விரல் குத்திப் பார்ப்பது | குறைந்தது 4 | 6 முதல் 10 | 6 முதல் 10, கூடவே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) |
| சாப்பாட்டு நேரம் | மணி தவறக் கூடாது | முன்பின் ஆகலாம் | முன்பின் ஆகலாம் |
| வாங்க வேண்டியது | அளவுக் கோப்பை | தராசு, கூடுதல் ஸ்ட்ரிப் (இரத்தத் துளி வைத்து மீட்டரில் பார்க்கும் பட்டி), பேனா ஊசி | மீன், முட்டை, கொட்டை வகை, கீட்டோன் ஸ்ட்ரிப் |
| எடையில் வரும் சிக்கல் | இன்சுலினுக்காக ஊட்டுவது | ஊசி இருக்கிறது என்று சாப்பிடுவது | வளர்ச்சி நிற்பது |

ஒன்று: மாறாத அளவு

இங்கே பல பிள்ளைகள் தொடங்குவது இதில்தான். 30/70 கலவை இன்சுலின், காலையிலும் இரவிலும் ஊசி. 30 பங்கு அரை மணியில் வேலையைத் தொடங்கும், 70 பங்கு மெதுவாக எழும்பி ஊசி போட்டு நாலு மணியிலிருந்து எட்டு, பத்து மணி வரைக்கும் உச்சத்தில் நிற்கும். ஊசி போட்டாயிற்று என்றால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, அந்த உச்சத்துக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். எங்கள் பட்டியல் 45, 15, 55, 20, 50, 15 கிராம் என்று இருந்தது: காலை, இன்டர்வல், மத்தியானம், நாலு மணி, இரவு, படுக்கப் போகும்போது. கூட்டினால் 200.

கொழும்புப் பள்ளிக்கூட நாளை இதற்குள் வைத்துப் பாருங்கள். விடிய ஆறு மணிக்கு ஊசி, ஆறரைக்குச் சாப்பாடு, ஏழரைக்குப் பள்ளிக்கூடம், பத்தரையை ஒட்டி இன்டர்வல், ஒன்றரைக்கு மணி அடிக்கும். அதன் பிறகு வான் காலி வீதியில் ஊர்ந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர இரண்டேகால். அந்த ஒன்று முதல் இரண்டேகால் வரையான நேரம்தான் இந்த முறையில் அதிகம் பயப்பட வேண்டியது, இன்சுலின் உச்சத்தில், வயிறு காலி. வான் பையில் எப்போதும் ஒரு சின்ன வாழைப்பழமும் ஒரு சரை குளுக்கோஸும் இருந்தன. வான் மாமாவுக்கும் சொல்லி வைத்திருந்தோம், அவர் கண்ணாடியில் பார்த்து "மகள் சாப்பிட்டாச்சா" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

செலவு இதில்தான் குறைவு. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இந்த இன்சுலின் இலவசம், நாளுக்கு நாலு தடவை பார்த்தால் மாதம் 120 ஸ்ட்ரிப். கண்ணுக்குத் தெரியாத செலவு வேறு: பசிக்காத பிள்ளைக்கும் ஊட்ட வேண்டும், பசிக்கிற பிள்ளையிடம் "பொறு, இன்னும் மணி ஆகவில்லை" என்று சொல்ல வேண்டும். பிறந்தநாள் வீடு, கோயில் விரதம், காய்ச்சல், டியூஷன் நேரம் மாறுவது, எதுவும் இந்தப் பட்டியலுக்குள் சுகமாக அடங்காது.

புதிதாக வருத்தம் பிடிபட்ட வீட்டுக்கும், அம்மா, அப்பா வேலைக்குப் போய் அம்மம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் மாறி மாறிப் பார்க்கிற பிள்ளைக்கும், ஸ்ட்ரிப் காசு இறுக்கமான வீட்டுக்கும் இது பொருந்தும். குறைந்த முறை என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். நேரத்தோடு செய்தால் பிள்ளை நன்றாக வளரும்.

இரண்டு: எண்ணிப் போடுவது

நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் ஓர் இன்சுலின், அதற்கு மேலே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வேகமான ஓர் ஊசி. ஒரு யூனிட் எத்தனை கிராம் மாச்சத்தைச் சமாளிக்கும் என்று டொக்டர் ஒரு விகிதம் தருவார். தொடங்கும் கணக்கு பொதுவாக 500ஐ நாளின் மொத்த இன்சுலினால் வகுப்பது: நாளுக்கு 25 யூனிட் என்றால் ஒரு யூனிட்டுக்கு 20 கிராம். பிறகு கொப்பியைப் பார்த்துத் திருத்துவார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் கூட இன்சுலின் தேவைப்படும்.

இதற்கு மாச்சத்து எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. நான் படித்த வழியைச் சொல்கிறேன். ஓர் இறாத்தல் பாண் 450 கிராம், அதில் ஏறக்குறையப் பாதி மாச்சத்து, ஆகவே கால் இறாத்தலில் 55 கிராம் அளவு. வெள்ளைச் சோறு 100 கிராமில் 28. மரவள்ளிக்கிழங்கு 100 கிராமில் 38, உருளைக்கிழங்கில் அதில் பாதி. இடியப்பம்தான் என்னைப் படுத்தியது, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வோர் அளவு. கடைசியில் வீட்டிலேயே பிழிந்து பார்த்தேன்: 500 கிராம் அரிசிமா, 100 கிராம் மாவில் 80 கிராம் மாச்சத்து, மொத்தம் 400. பிழிந்தது 50 இடியப்பம், ஒன்றுக்கு 8 கிராம். அந்த எண்ணைக் குசினிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், இன்றைக்கும் மாறவில்லை. ஐந்து இடியப்பம் 40 கிராம், இரண்டு யூனிட். சொதிக்கும் சம்பலுக்கும் எண்ண வேண்டிய அளவு மாச்சத்து இல்லை.

துல்லியம் பற்றிப் பதற வேண்டாம். ஒரு சாப்பாட்டில் 10 கிராம் பிழைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, 20 கிராம் பிழைத்தால் தெரியும். சின்னப் பிள்ளைக்கு அரை யூனிட் போடக்கூடிய பேனா வேண்டும் என்பதும் இதனால்தான், 20 கிராமுக்கு ஒரு யூனிட் என்றால் அரை யூனிட் 10 கிராம்.

பள்ளிக்கூட இன்டர்வல்தான் பெரிய தடை. பத்தரைக்கு யார் ஊசி போடுவது? எங்கள் மகள் தானே போட்டுக்கொள்கிறாள், வகுப்பு மிஸ் பக்கத்தில் நின்று எண்ணைப் பார்க்கிறார். அப்படி ஒரு மிஸ் கிடைக்காத வருடத்தில் இந்த முறை பாதியாகி விடும். இன்னொன்று, கிளினிக்கில் கிடைக்கிற வேகமான மனித இன்சுலினைச் சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும். புதிய வகைகள் கால் மணியில் போதும், ஆனால் அதைப் பல வீடுகளில் பார்மசியில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். ஸ்ட்ரிப்பும் நாளுக்கு ஆறு என்றால் மாதம் 180. 50 உள்ள பெட்டியில் நாலு.

இரவுக் கொத்து ரொட்டியையும் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் நல்ல எண் இருக்கும், நிம்மதியாகப் படுப்போம், விடிய இரண்டு மணிக்கு 280. எண்ணெயும் இறைச்சியும் மாச்சத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன, நாலு, ஐந்து மணி நேரம் கழித்து ஏறும். எண்ணத் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு அங்கேதான் போனது.

எடைக்கு இதில் உள்ள சிக்கல் வேறு. ஊசி போட்டால் சீனி சமாளிக்கப்படும், கலோரி எங்கும் போகாது. ரோல்ஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் சரியாக எண்ணிப் போட்டு மீட்டரில் 120 காட்டினாலும் அந்த எண்ணெயும் சீனியும் உடம்பில்தான் சேரும். மறுபக்கம் ஒரு பெரிய நன்மை: நெட்போல் பயிற்சிக்கு முன் கூடுதலாகச் சாப்பிடக் கொடுப்பதற்குப் பதிலாக, டொக்டர் சொன்னபடி அந்தச் சாப்பாட்டு ஊசியைக் குறைக்கலாம்.

ஒரு பெரியவராவது தினமும் எழுதக்கூடிய வீட்டுக்கு, பசி நாளுக்கு நாள் மாறுகிற பிள்ளைக்கு, விளையாடுகிற பிள்ளைக்கு, பள்ளிக்கூடம் ஒத்துழைக்கிற இடத்தில் என்றால் என் தெரிவு இதுதான்.

மூன்று: மாச்சத்தை வெட்டுவது

இதை நான் செய்தது மகளுக்கு ஏழரை வயதில், மாறாத அளவு முறையில் இருக்கும்போது. எடை கூடிக்கொண்டே போனது. எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒரு மாமி சோற்றை விட்டுக் குரக்கன் கொடு என்றார் (குரக்கன் மாவிலும் 100 கிராமில் 70 கிராமை ஒட்டி மாச்சத்து உண்டு, நார் கூட, மெதுவாக ஏறும், அவ்வளவுதான்), இன்னொருவர் பாவற்காய்ச் சாறு கொண்டுவந்து தந்தார். முதல் வகையில் இன்சுலினின் இடத்தை எந்தச் சாறும் எடுக்காது. நான் டொக்டரிடம் கேட்காமல் சோற்றைப் பாதியாக்கினேன், இடியப்பத்தை இரண்டாக்கினேன், பதிலுக்கு முட்டையும் மீனும் கூட்டினேன்.

ஐந்து கிழமை. ஊசி அளவு அப்படியே இருக்கச் சாப்பாடு மட்டும் குறைந்தால் என்ன ஆகும்? சீனி இறங்கும். இறங்கினால் நான் என்ன செய்வேன்? பதறி இனிப்பாகக் கொடுப்பேன். அந்த ஐந்து கிழமையிலும் எடை ஏறியது, என்னால் அதை விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஓர் இரவு படுக்கும் நேரத்தில் மீட்டர் 310 காட்டியது. அம்மம்மாவின் தட்டில் மிச்சம் இருந்த இடியப்பத்தைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏசுவீங்கள் எண்டுதான் அம்மா" என்றாள். ஏழரை வயதுப் பிள்ளை, கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. அடுத்த நாளே நிறுத்தினோம்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அளந்து ஊசி போடுகிற பிள்ளைக்கு இதே லோ பிரச்சினை இவ்வளவு வராமல் இருக்கலாம், அளவைச் சேர்த்துக் குறைக்கலாம் என்பதால். சீனிக் கோடு தட்டையாக வரும் என்பதும் உண்மை, வளர்ந்தவர்கள் சிலர் அதற்காகவே எடுக்கிறார்கள். பிள்ளைக்கு நிலைமை வேறு. வளர்ச்சி பின்தங்கலாம், கொழுப்பு அளவு கூடலாம். மாச்சத்துக் குறைந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை உண்டாக்கும், காய்ச்சல் நாளில் மீட்டரில் வரும் கீட்டோன் பட்டினியால் வந்ததா, இன்சுலின் போதாமல் வந்த ஆபத்தா என்று பிரித்தறிவது கஷ்டமாகும். ஈரலில் சீனிச் சேமிப்புக் குறைவதால், மயங்கிய பிள்ளைக்குப் போடும் குளுக்கோகன் ஊசியின் வேகமும் குறையும். புரதத்துக்கும் இன்சுலின் கொஞ்சம் வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். இதற்கு மேல் இன்றைய கொழும்பு விலையில் மூன்று வேளையும் மீனும் முட்டையும்.

வளரும் பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அப்படியும் செய்வோம் என்று நினைக்கிறவர்கள் சிறுவர் நீரிழிவு டொக்டரும் உணவு ஆலோசகரும் மாதாமாதம் உயரமும் எடையும் பார்க்கிற ஏற்பாட்டோடு மட்டும் செய்யுங்கள். வெட்டலாம் என்று நான் தயங்காமல் சொல்வது சோடா, பெட்டிச் சாறு, தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி, பொழுதுபோகாமல் கொறிக்கிற பிஸ்கட். நீரிழிவுப் பிஸ்கட் என்று விலை கூட வைத்து விற்பதிலும் மா இருக்கிறது, பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

எடை கூடினால் எங்கே பார்ப்பது

மகளின் கொப்பியைக் கிளினிக்கில் ஒரு உணவு ஆலோசகர் பொறுமையாகப் புரட்டினார். இரண்டு கிழமையில் 70க்குக் கீழே ஒன்பது தடவை. ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ஒரு கோப்பை மோல்ட், முழுப் பால்மாவும் சீனியும் போட்டது, கூடவே நாலு மாரி பிஸ்கட். ஏறக்குறைய 300 கலோரி. அப்போது அவள் 25 கிலோ. லோவுக்குத் தேவை கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ், அதாவது 7, 8 கிராம்: மட்டமாக இரண்டு தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் தண்ணீரில். 35 கலோரிகூட வராது. கால் மணி கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், இன்னும் இறக்கம் என்றால் அதே அளவு மறுபடியும். பாலும் சொக்கலேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு சீனியைப் பிடித்து வைத்துவிடும். (பிள்ளை மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.)

ஒன்பது தடவையும் தேவைக்கு மேல் கொடுத்ததைக் கூட்டினால் 2300 கலோரிக்கு மேல், அவளுடைய முழு நாள் சாப்பாட்டை விடக் கூட. டொக்டர் காலை ஊசியைக் குறைத்தார், லோ குறைந்தது, மோல்ட் நின்றது. அடுத்த மூன்று மாதத்தில் எடை தன் கோட்டுக்கு வந்தது, சோற்றைப் பழைய அளவுக்கே திரும்பக் கொடுத்தும்கூட.

எடை குறைவது இதைவிட அவசரம். சாப்பிட்டும் மெலிகிறது, அடிக்கடி தண்ணீர், அடிக்கடி சிறுநீர் என்றால் இன்சுலின் போதவில்லை. வாந்தியும் பழ வாசனை மூச்சும் சேர்ந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே வைத்தியசாலை. பெரிய பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், மெலிய வேண்டும் என்று ஊசியைத் தவிர்ப்பதும் நடக்கிறது, ஏசாமல் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது

புதிதாக வந்தவர்கள் டொக்டர் தருவது மாறாத அளவு என்றால் தயங்காமல் அதில் தொடங்குங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே சாப்பாட்டைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுத் தட்டு உங்களுக்கு மனப்பாடமாகி விடும், பிறகு எண்ணும் முறைக்குப் போவது பாதி வேலை. ஸ்ட்ரிப்புக்கும் பேனாவுக்கும் மாதாமாதம் காசு ஒதுக்க முடியுமா, பத்தரைக்குப் பக்கத்தில் நிற்க ஒருவர் உண்டா என்ற இரண்டுக்கும் ஆம் என்றால் டொக்டரிடம் கேளுங்கள். ஒன்றுக்காவது இல்லை என்றால் இருக்கிற முறையைத் திருத்துவதே மேல், பாதியில் விட்ட எண்ணும் முறை இரண்டையும் விட மோசம்.

வாங்கில் இருந்த அந்த அம்மாவிடம் நான் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் பையில் இருந்த சிவப்புப் பேனையைக் கொடுத்து, 70க்குக் கீழே இருக்கிற எண்களுக்கெல்லாம் வட்டம் போட்டு, பக்கத்தில் அன்றைக்கு என்ன கொடுத்தீங்கள் என்று எழுதுங்கோ என்றேன். நேர்ஸ் அவருடைய நம்பரைக் கூப்பிடுவதற்குள் பதினொரு வட்டம் போட்டிருந்தார்.